மிச்சமான ஒரு மணி நேரம்

மெல்பர்னுக்கு வெளியே, யாரா பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நடக்க வருகிறவர்கள் காலுக்கு நல்ல பூட்ஸும் தலைக்குத் தொப்பியுமாக வருவார்கள். நானும் அப்படித்தான் போனேன். எனக்குத் துணையாக வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலுடன் வந்து நின்றார்.

"சரளைக் கல்லு அண்ணே. இருபது கிலோமீட்டருக்கு மேல இருக்கு" என்றேன்.

"நீங்கள் சப்பாத்தோட வாங்கோ தம்பி. நான் இப்பிடியே வாறன். நேர்த்தி எண்டா நேர்த்திதான்."

அவர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிறிய வீட்டில் வாடகைக்கு இருப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அகதியாகப் படகில் வந்தவர். கிளம்பி வரும்போது அவருடைய ஒரே மகள் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாளாம். இன்றுவரை அவருக்குத் தற்காலிக விசாதான். இந்த நாட்டைவிட்டுப் போக யாரும் தடுக்க மாட்டார்கள். போனால் திரும்பி வர முடியாது. ஊருக்குப் போனால் அங்கே என்ன நடக்கும் என்பதற்கும் யாரும் உறுதி தர மாட்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இவர் விஷயத்தில் சாமி யார், பூசாரி யார் என்பதே இத்தனை வருஷமாகத் தெரியவில்லை.

அந்த மகளுக்கு அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் கல்யாணம்.

பங்குனியில் யாராவது கல்யாணம் வைப்பார்களா என்று ஊரில் முணுமுணுத்தார்களாம். மாப்பிள்ளைக்குக் கனடாவில் அப்போதுதான் லீவு கிடைத்தது. லீவுக்கு முன்னால் பஞ்சாங்கம் எம்மாத்திரம்? ஏப்ரலின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு முகூர்த்தத்தைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். தாரை வார்க்கத் தாய்மாமன் இருந்தார். மண்டபம், மேளம், பந்தி எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. அப்பாவுக்கு மட்டும் ஒரு லிங்க் அனுப்பினார்கள். கல்யாணத்தை நேரலையில் பார்த்துக்கொள்ளலாம்.

மகள்தான் அந்த லிங்க்குக்குள் அவருக்கென்று ஓர் இடம் செய்து கொடுத்தாள். "தாலி கட்டேக்க நான் நிமிந்து கமராவைப் பாப்பன் அப்பா. நீங்களும் அந்த நேரம் என்னைப் பாருங்கோ" என்று சொல்லியிருந்தாள். இதை அவர் என்னிடம் எத்தனை முறை சொன்னார் என்று கணக்கே இல்லை. பின்கட்டில் துணி காயப் போடும்போது சொல்வார். குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போது சொல்வார். நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டுவேன். சலிப்பாக இருக்கும், கேட்காமல் இருக்கவும் மனசு வராது. அந்தக் கல்யாணத்தில் அவருடைய பங்கு அந்த ஒரு பார்வைதான்.

நேர்த்திக்கடன் பழையது. நடுக்கடலில் படகின் இன்ஜின் நின்றபோது, "பிள்ளையாரே, என்ர பிள்ளையின்ர கலியாணத்தண்டு வெறுங்காலோட நடந்து வந்து உன்னைக் கும்பிடுறன்" என்று வேண்டிக்கொண்டாராம்.

நான் சும்மா இருக்கவில்லை. "ஊர்ப் பிள்ளையாருக்குத்தானே வேண்டிக்கிட்டீங்க? மெல்பர்ன் பிள்ளையாருக்கு இது செல்லுமா?" என்று சீண்டினேன்.

"எந்த ஊர்ப் பிள்ளையார் எண்டு நான் சொல்லேல்லையே" என்றார்.

மலையடிவாரத்தில், த பேசின் என்ற ஊரில், பிள்ளையார் கோயில் இருக்கிறது. எல்லோரும் காரில் போகிற கோயில். அங்கே நடந்து போக வழி கண்டுபிடித்தவன் நான். வாரக்கடைசியானால் பையை மாட்டிக்கொண்டு எங்கேயாவது நடக்கக் கிளம்பிவிடும் பைத்தியம் எனக்கு உண்டு. யெரிங்கில் பழைய ரயில் பாதையில் தொடங்கி, திராட்சைத் தோட்டங்கள் வழியாக லில்லிடேல், அங்கிருந்து சுண்ணாம்புக் குன்றை ஒட்டித் தெற்கே திரும்பி மலையடிவாரம். அவர் சேர்த்த நிபந்தனை ஒன்றே ஒன்று. பிள்ளையார் முன்னால் போய் நிற்கும்வரை அவருடைய போனைத் திறக்கக் கூடாது. "திறந்தா என்ர கால் நடக்காது தம்பி. அங்கதான் நிக்கும்" என்றார்.

முகூர்த்தம் அங்கே ஒன்பதரைக்கு. நம் நேரம் மூன்று மணி. இந்தக் கணக்கை இங்கே இருக்கும் தமிழர்கள் யாரும் உட்கார்ந்து போடுவதில்லை. யாழ்ப்பாணமானாலும் மதுரையானாலும் ஐந்தரையைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான், நாக்கிலேயே இருக்கும். மூன்று மணி, மூன்று மணி என்று ஒரு மாதமாக அவரும் நானும் ஜபம் செய்துகொண்டிருந்தோம்.

என் மனைவி காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டாள். சாயங்காலம் கோயிலுக்கு வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. போகும் வழியில் நான்தான் உற்சாகமாகச் சொன்னேன். "இன்னிக்குக் கடிகாரம் மாறுற நாள் அண்ணே. கோடைகால நேரம் முடிஞ்சு, எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னாடி வச்சாச்சு. நமக்கு ஒரு மணி நேரம் மிச்சம். அவசரமே இல்ல, ஆற அமர நடக்கலாம்."

"நல்லதாப் போச்சு" என்றார் அவர். என் மனைவியும் தலையாட்டினாள். காரில் இருந்த மூன்று பேரில் ஒருவருக்கும் அதற்குமேல் யோசனை ஓடவில்லை.

அறுவடை முடிந்திருந்தது. கொடிகளில் இலைகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. பறவைகளுக்காகப் போட்ட வலைகளைச் சுருட்டி வரிசை முனைகளில் குவித்திருந்தார்கள். ஒரு தோட்டத்து வேலியில், உள்ளே நடக்காதீர்கள், உங்கள் காலணி மண்ணோடு கொடிகளுக்கு நோய் வரும் என்று பலகை. நான் படித்துச் சொன்னேன்.

"நான் சப்பாத்தே போடேல்லையே. என்னை உள்ள விடுவினமோ?" என்று கேட்டார். விசா விஷயத்தையும் சேர்த்துத்தான் கேட்டார் என்று எனக்குத் தோன்றியது. சிரித்து வைத்தேன்.

கொடிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், தன் வீட்டுக் கிணற்றடியிலும் முந்திரிகைப் பந்தல் இருந்ததாகச் சொன்னார். முந்திரிக்கு எதற்கய்யா பந்தல் என்று நான் விழிக்க, "உங்கட திராட்சைதான் எங்களுக்கு முந்திரிகை" என்றார். பேச்சு அப்படி லேசாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த தோட்டத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. புல்வெளியில் வெள்ளை நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். கோட்டுப் போட்ட வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர், சரியாக இருந்த நாற்காலிகளையே திரும்பத் திரும்ப நகர்த்திக்கொண்டிருந்தார். வேலைக்காரப் பெண் ஒருத்தி வந்து ஏதோ சொல்ல, தள்ளிப் போய் நின்றார். அவள் நகர்ந்ததும் மறுபடி நாற்காலியைப் பிடித்தார்.

"அந்தாள்தான் பொம்பிளையின்ர தேப்பன்" என்றார் இவர்.

"எப்படிச் சொல்றீங்க?"

"வேற ஆர் இந்த வேலை பாப்பினம்?"

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கிளம்பலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கிறதே. புல்லில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த புளிச்சோற்றைப் பிரித்தேன். அவர் விரதம், தண்ணீர் மட்டும் குடித்தார். அந்த வெள்ளைக்காரர் நாற்காலிகளை விட்டுவிட்டு உள்ளே போகும்வரை அங்கேயே இருந்தோம்.

லில்லிடேல் தாண்டிச் சுண்ணாம்புக் குன்றை அடைந்தபோது அவர் நடை மாறியிருந்தது. அந்தக் குன்றில் பாதியைப் பல காலம் தோண்டி எடுத்துவிட்டார்கள். மிச்சத்தைச் சுற்றி இப்போது புது வீடுகள் எழும்புகின்றன. ஒரு கல்லில் உட்காரச் சொல்லிக் காலைப் பார்த்தேன். குதிகாலில் வெடிப்பு, வெடிப்புக்குள் வெள்ளைத் தூசி, ஒரு விரலோரம் ரத்தம். என் பையில் பிளாஸ்திரி இருந்தது. ஒட்டலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம். எங்கட ஊரும் சுண்ணாம்புக் கல்லுத்தான். இந்தக் காலுக்கு இது பழசு."

சீக்கிரம் எழுந்துவிட்டார். நேரம் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் உட்காருங்கள் என்று நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். நல்லதுதான் செய்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இப்படிச் சொல்லிக்கொள்வதால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

கோயிலை அடைந்தபோது மூன்று மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. குழாயடியில் காலைக் கழுவினார். திருநீறு பூசிக்கொண்டார். பிள்ளையாருக்கு முன்னால் தலையில் குட்டித் தோப்புக்கரணம் போட்டார். முழங்கால் மடங்க மறுத்தது, தூணைப் பிடித்துக்கொண்டு போட்டு முடித்தார். பிறகு மண்டபத்தின் ஓரத்தில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு திறந்தார். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

திரையில் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. வாழையிலையில் யாரோ பாயாசம் ஊற்றினார்கள்.

"இதென்ன, கலியாணத்துக்கு முதல் சாப்பாடு வைச்சிட்டினம்?" என்றார். தான் ஊரில் இல்லாவிட்டால் மனைவி கல்யாணத்தை இப்படித்தான் நடத்துவாள் என்று செல்லமாகக் கோபித்துக்கொள்கிற குரல் அது.

கமரா திரும்பியது. மணவறையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்று வரிசையாக வருகிறவர்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் கழுத்தில் தாலிக்கொடி தெரிந்தது.

அப்போதுதான் அந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டேன். கோடைகால நேரம் முடிந்தால் ஐந்தரை இல்லை, நாலரை. இத்தனை வருஷமாக, கடிகாரம் மாறிய மறுவாரம் ஊருக்குப் போன் போட்டு, ஏண்டா இந்த நேரத்துல என்று அம்மாவிடம் திட்டு வாங்குகிறவன் நான். ஒன்பதரை என்பது இன்றைக்கு இங்கே இரண்டு மணி. இரண்டு மணிக்கு நாங்கள் கோயிலுக்கு ஒரு மணி நேர நடை தூரத்தில், மாண்ட்ரோஸ் என்ற ஊர்ப் பக்கம், ஒரு மரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

சொன்னேன். சொல்லாமல் முடியுமா? அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனையே பார்த்துக்கொண்டு, "ஓம், ஓம்" என்று இரண்டு முறை சொன்னார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஆயிரம் தடவை பேச்சில் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

"பின்னாடி தள்ளிப் பாக்கலாம் அண்ணே. முழுசா பதிவாகியிருக்கும்" என்றேன். எனக்கே அது கேவலமாகக் கேட்டது.

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மகள். வீடியோ வேண்டாம் என்று கையால் மறைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியை அழுத்திவிட்டார். மேளச் சத்தம் கோயில் மண்டபம் வரை வந்தது.

"அப்பா, நான் கமராவைப் பாத்தனான். கண்டனீங்களோ?"

அவர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "கண்டனான் பிள்ளை. வடிவாச் சிரிச்சுக்கொண்டு நிண்டனீ. அப்பாவுக்கு அது போதும்."

அந்தப் பக்கம் மேளம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"ஓம் அப்பா" என்றாள் அவள். "நடந்து வந்தது கால் நோகுதோ? சாப்பிடுங்கோ. நான் பிறகு எடுக்கிறன்."

போனை வைத்ததும் என்னிடம் நீட்டினார். "பின்னால விடுங்கோ தம்பி."

தள்ளினேன். பந்தி போய், படம் எடுப்பவர்கள் போய், ஐயர் வந்தார். கெட்டிமேளம். மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டினார். அந்தப் பெண் சொன்னபடியே நிமிர்ந்து நேராகக் கமராவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அழுதாள். உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தும் முடியாமல், தோள் குலுங்க அழுதாள். பக்கத்தில் நின்ற அவளுடைய அம்மா கைக்குட்டையால் மகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கமராக்காரர் வேறு பக்கம் திருப்பும்வரை மகள் அந்தக் கமராக் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவேயில்லை.

அவர் முடியும்வரை பார்த்தார். "அவளுக்கு விளங்கியிட்டுது" என்றார்.

அர்ச்சனைத் தட்டோடு வந்த ஐயர், யார் பெயருக்கு என்று கேட்டார். இவர் மகளுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். பிறகு மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னார். நட்சத்திரம் கேட்டார் ஐயர். அது இவருக்குத் தெரியவில்லை.