இரண்டு சீட் கல்யாணக் கார்

கல்யாணக் கார் ஓட்டுகிறவர்களுக்கு மற்றவர்களின் நல்ல நாளெல்லாம் பதறி ஓடுகிற நாள்தான். இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எனக்கோ பதற்றம் இரட்டிப்பு. லண்டன் ஹரோவில் எங்கள் முதலாளி சிவம் அண்ணை ஆசைப்பட்டு இறக்கியது ஒரு அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். துணிக் கூரை, இரண்டே சீட், ஸ்டியரிங் இடது பக்கம்.

எட்டாத மெஷின்

முதல் நாள் பூ அலங்காரத்துக்காக ஒரு கார் பார்க்குக்குள் நுழைந்தேன். டிக்கெட் மெஷின் வலது பக்கம், நான் இடது பக்கம். பெல்ட்டைக் கழற்றி, பக்கத்து சீட்டில் முழங்காலை ஊன்றிக் கையை நீட்டினேன். கார் தரையோடு தரையாகக் கிடப்பதால் பொத்தான் எங்கேயோ மேலே இருந்தது. பின்னால் ஹோர்ன் சத்தம். முன்பக்கம் எங்கே முடிகிறது என்றும் தெரியவில்லை; தடையை இடித்துவிட்டேனோ என்று வேர்த்துக்கொட்டியது.

கடைசியில் பின் காரில் இருந்த தமிழர் ஒருவர் இறங்கி வந்து, டிக்கெட்டை எடுத்துத் தந்தார். "தங்கச்சி, அடுத்தமுறை வரேக்கை பக்கத்திலை ஒராளை ஏத்திக்கொண்டு வாங்கோ."

மூடாத கூரை

வால்தம்ஸ்டோவில் மணப்பெண்ணை ஏற்றியபோது நல்ல வெயில். கூரையைத் திறந்துவிட்டேன். அது மடிந்து பின்பக்க டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். வழியில் அவளுடைய மாமி மறித்து, டிக்கியின் மிச்ச இடத்தில் ஒரு பையைத் திணித்துவிட்டுப் போனார்.

சிவப்பு லைட்டில் நிற்கும்போது மழை. பொத்தானை அமத்தினேன், கூரை அசையவில்லை. பை இடறுகிறது! இறங்கி ஓடி, பையை இழுத்தெடுத்து அவள் மடியில் போட்டேன். லைட் பச்சையாகிவிட்டது. கார் நின்றால்தான் கூரை மூடும். பின்னால் நிற்கிற பஸ்காரனோ என்னை நிற்கவிடுகிறானில்லை. கூரை ஆறுதலாக எழும்பி வருகிறது. அவள் கத்தினாள்: "அக்கா, மேக்கப் போனாப் போகட்டும், சேலையைக் காப்பாத்துங்கோ!"

சேர்ச்சைச் சுற்றி

இன்னொரு கல்யாணத்துக்கு ஹவுன்ஸ்லோவில் சேர்ச் வாசலுக்கு வந்தும் மணப்பெண் மெலனி இறங்கவில்லை. "கூரையைப் பூட்டுங்கோ அக்கா. ஒருக்காச் சுத்திக்கொண்டு வருவம்."

சுற்றினோம். "லீட்ஸிலை, அவ்வளவு தூரத்திலை, வேலை கிடைச்சிருக்கு, நான் போகத்தான் போறன் எண்டு நேற்று ஜூட்டுக்கு மெசேஜ் போட்டனான். இன்னும் பதில் இல்லை. பதில் தெரியாமல் எப்பிடி அக்கா இறங்கிறது?"

மறுபடியும் சுற்றினோம். இந்த எஞ்சின் உறுமுவது பீடம் வரைக்கும் கேட்டிருக்கும். பதற்றத்தில் காலைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டேன். ஈர வளைவில் பின்சில்லு வழுக்கி, கார் ஒருபக்கம் இழுத்தது. நெஞ்சு ஒருதரம் நின்று அடித்தது. போனில் சிவம் அண்ணை. நான் எடுக்கவில்லை.

மூன்றாம் முறை வரும்போது மாப்பிள்ளை ஜூட் கோட்டும் சூட்டுமாக றோட்டில் நின்றார். நிறுத்தினேன். லண்டன் கார்களில் பக்கத்து சீட் இடது பக்கம் என்ற பழக்கத்தில் நான் இருந்த பக்கம் ஓடி வந்து, உள்ளே தெரியாத கறுத்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, குனிந்த தலை நிமிராமல் என்னிடம் சொன்னார்: "இப்பதான் மெசேஜைப் பாத்தன். லீட்ஸுக்கு நானும் வாறன். தயவுசெய்து இறங்கும்."

நான் கண்ணாடியை இறக்க முதலே மற்றப் பக்கக் கதவு திறந்தது. அழுகையும் சிரிப்புமாக ஒரு குரல்: "ஜூட், அது ட்ரைவர் அக்கா! நான் இறங்கீட்டன், இஞ்சாலை வாங்கோ."

கண்மூடித் திறக்க முதல் சீறிப் பாயும் என்று எல்லாரும் புகழ்கிற இந்தக் காரில், நான் இதுவரை கண்ட வேகமெல்லாம் என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம்தான்.