ராக்கெட்டிலிருந்து குதித்தது என் அண்ணன்

இன்று காலை கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர் பேப்பரை விரித்து, சினிமா விருது வாங்கியவர்களின் பெயர்களைச் சத்தமாகப் படித்தார்.

"நல்லவேளை, அந்த ராக்கெட் சண்டைப் படத்துக்கு ஒண்ணும் குடுக்கலீங்கம்மா" என்றார் என்னிடம். "எல்லாம் அந்தக் குடும்பப் படத்துக்குத்தான்."

"குடும்பப் படத்த பாத்தீங்களா?" என்றேன்.

"இன்னும் பாக்கலீங்க."

"ராக்கெட் படம்?"

"மூணு வாட்டி." கொஞ்சம் தயங்கி, "பசங்க கூப்பிட்டாங்க" என்றார்.

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ராக்கெட்ல இருந்து குதிக்கிறது ஹீரோ இல்லீங்க, எங்க அண்ணன். தோள் எலும்பு முறிஞ்சு படுத்த படுக்கையா கெடந்தாரு. படத்துல பேரு கூடப் போடல. அழுதா விருது, விழுந்தா மாவுக்கட்டு மட்டுந்தானா?"

பெரியவர் பேப்பரை மடித்தார். "இப்ப எப்படிம்மா இருக்காரு?"

"மறுபடியும் குதிக்கப் போயிட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் எங்கள் டென்ட் கொட்டகைக்குத் திரும்ப வருகிறது. போவேன், அண்ணன் குதிக்கும்போது விசிலும் அடிப்பேன். விருதுக் குழுவில் யாருக்காவது பார்க்க ஆசையிருந்தால் சொல்லுங்கள், மணல் தரையில் இடம் பிடித்து வைக்கிறேன்.