கற்பூரம் காட்டாத ரேம்

நாலு ஜிபி ரேம் போட்ட கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, எங்கள் லாபு வட்டார எஸ்டேட்டுச் சாவுகளுக்கெல்லாம் என் வீட்டுக்காரர் படம் செய்தார். யாராவது தவறினால் முகம், பெயர், உடலை எடுக்கும் நேரம் எல்லாம் போட்டு வாட்ஸாப்பில் அனுப்புகிறோமே, அந்தப் படம். செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர் வேலை முடிந்து வந்து, குளிக்காமல்கூட உட்காருவார். அந்தக் கம்ப்யூட்டர் ஒரு போட்டோவைத் திறப்பதற்குள் நான் டீ போட்டு, ஆற்றி, கையில் கொடுத்துவிடலாம்.

"செத்தவனக்கூட எழுப்பிடலாம், இத எழுப்ப முடியலலா" என்று மேசையைத் தட்டுவார்.

கடைசியில் ரேம் மாற்றுவது என்று முடிவானது. நான் டார்ச் பிடிக்க, பெட்டியைத் திறந்து பழையதை உருவினார். அதன் தங்க நிறப் பற்களை அழிப்பானால் தேய்த்துவிட்டு, லேபிளைப் படித்தார். வகை மாறினால் பள்ளத்தில் உட்காராதாம், இரண்டு முனையையும் அழுத்தினால்தான் பிடிக்குமாம் என்று சொல்லிக்கொண்டே பழையதைத் திரும்பச் செருகினார். அப்புறம் எட்டு ஜிபியா, பதினாறா என்று ஒரே ஆராய்ச்சி. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இந்த மனுஷன் இவ்வளவு யோசிக்கவில்லை.

"எட்டு போதும்லா."

"போடுறதே போடுறீங்க, பதினாறா போடுங்க. டீ ஆத்தி ஆத்தி எனக்குக் கை வலிக்குது."

சிரித்தார். "அப்ப ரெண்டு எட்டு. ஜோடியா போட்டாத்தான் வேகம்."

பார்சல் ஒரு வியாழக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், ரைஸ் குக்கரானாலும் சரி, சாமி மேடையில் வைத்துக் கற்பூரம் காட்டாமல் பிரிக்கமாட்டோம். மறுநாள் வெள்ளிக்கிழமைப் பூஜை. பார்சலுக்குப் பொட்டு வைத்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்தார்.

வெள்ளி காலையில் வேலைக்குக் கிளம்பி, மோட்டார் சைக்கிளை மிதிக்கும்போதே சரிந்தார். சிரம்பான் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது என்றார்கள்.

உடலைக் கொண்டுவருவதற்குள் அவருடைய அக்கா வந்து சாமி மேடையை வெள்ளைத் துணியால் மூடிவிட்டார். அன்று மாலையே எடுப்பது என்று பேசினார்கள். யாருக்கும் படம் போகவில்லை. கோலா சாவா, போர்டிக்சன் என்று எங்கெங்கோ இருந்த ஜனங்கள் அடுத்தவர் சாவுக்கெல்லாம் இவர் செய்த படத்தைப் பார்த்துத்தான் வந்து சேர்ந்தார்கள். இவருக்கு ஒரு படம் இல்லையா?

"யாராச்சும் போன்லயே செஞ்சிடுவாங்கம்மா" என்றார் நாத்தனார்.

"அவரு மேசையிலதான் செய்யணும் அண்ணி."

கம்ப்யூட்டரைப் போட்டேன். போர்டிக்சன் கடற்கரையில் அவர் சிரிக்கும் போட்டோவை அழுத்தினேன். நெற்றி வந்தது, புருவம் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் புருவத்தோடு நின்றது. எழுந்துபோய் வெள்ளைத் துணியைத் தூக்கினேன்.

"ஐயையோ, தீட்டு வீட்டுல சாமிய தொடாத! புதுச பிரிக்காத!" என்று ஓடிவந்தார் நாத்தனார்.

"சாமிய யாரு தொட்டா? அவரு சாமானத்தான் எடுக்குறேன். கற்பூரம் காட்டுறதுக்குள்ள ஆள கொண்டுபோன சாமிதானே, சும்மா இருக்கச் சொல்லுங்க!"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு, பெட்டிக்குள் தடவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டார்ச்சை வாங்கிப் பிடித்தார். பழையதை உருவினேன். புது ஜோடியைப் பள்ளத்தில் வைத்து, வீட்டுக்காரர் சொன்ன மாதிரி இரண்டு முனையிலும் அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது.

போட்டோவை அழுத்தினேன். விரலை எடுப்பதற்குள் முழு முகமும் வந்துவிட்டது, பல்லெல்லாம் தெரிய. பாவி மனுஷா, இந்த வேகத்துக்குத்தானே ஆசைப்பட்டாய்! ஒரு டீ ஆற்றும் நேரமாவது இழுத்திருக்கக் கூடாதா? நான் இன்னும் தயாராகவில்லையே.

அவர் எல்லாச் சாவுக்கும் வைத்திருந்த சட்டத்துக்குள் அந்த முகத்தை வைத்தேன். கீழே 'எடுக்கும் நேரம்' என்று அவரே போட்டு வைத்திருந்தார். பக்கத்தில் மாலை நான்கு மணி என்று அடித்தேன்.