முதல் சிரட்டைத் தண்ணீர்

தலைமன்னாருக்குத் தபால் ரயில் ஓடிய காலம். ரயில் பாதைக்கு அப்பால், மணலைத் தவிர வேறொன்றும் விளையாத வெள்ளைக்கும்பியில் நாற்பது குடும்பங்கள் இருந்தன. பக்கத்து ஊரான தாழ்வுபாட்டுச் சனம் அவர்களைக் கும்பியார் என்று சொல்லும். கோடை பிறந்ததும் வீட்டுக்கொரு பெண் மணலைத் தோண்டித் துரவு எடுப்பாள். எவள் துரவில் நல்ல தண்ணீர் ஊறுகிறதோ, அந்த வருடம் ஊரே அதில்தான் அள்ளும். அவள் பெயரைத்தான் அதற்குச் சொல்லும். ஒன்பது வருடமாக அது றோஸ்மேரி துரவு. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உச்சி குளிரும்.

பத்தாம் வருடம் அவள் துரவில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் கண்டவள் யார்? கொழுந்தனின் பெண்சாதி அன்ரோனெற்! பள்ளிமுனையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவள். றோஸ்மேரிக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஆனால் எரிவது வெளியே தெரியக் கூடாதே! கும்பியாரிடம் ஒரு முறை உண்டு. புதுத் துரவின் முதல் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையில் அள்ளி, அதைக் கண்டு யாருக்கு அதிகம் வயிறு எரிகிறதோ அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும். அவள் குடித்தால் எரிச்சல் அடங்கும், தண்ணீர் உப்பாகாது என்பது நம்பிக்கை. ஊருக்கு முன்னால் அந்தச் சிரட்டையை வாங்குவதா? அதைவிட மானக்கேடு உண்டா? றோஸ்மேரி கோயிலுக்கு உடுத்தும் சீலையை உடுத்து, முகம் முழுக்கச் சிரிப்போடு போய் நின்றாள்.

அன்ரோனெற் சிரட்டையோடு வந்தாள். றோஸ்மேரி சிரிப்பை இன்னும் அகலமாக்கினாள். அவளோ றோஸ்மேரியைத் தாண்டிப் போய், பக்கத்து வீட்டு றஞ்சிதத்திடம் நீட்டினாள். தப்பினேன் என்று றோஸ்மேரி மூச்சு விட வேண்டியதுதானே? விடவில்லை. பெயரும் போய், இப்போது முதல் தண்ணீரும் றஞ்சிதத்துக்கா?

"நில்லடி! அவளுக்கு என்ன எரியுது? ஒன்பது வரியமாப் பேர் வச்சிருந்தவள் நானல்லோ! என்ர வயிறுதான் எரியுது!"

அன்ரோனெற் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கள் சிரிச்சுக்கொண்டெல்லோ நிண்டனீங்கள், அக்கா," என்றாள் அன்ரோனெற்.

"சிரிச்சா எரியாதோ? கொண்டா இஞ்ச!"

பறித்து ஒரே மடக்கில் குடித்தாள்.

"எப்பிடி இருக்கு, பிள்ளை?" என்றார் ஊர்ப் பெரியவரான சந்தியோகு மூப்பர். குடித்தவளிடம் அப்படிக் கேட்பதும் முறைதான்.

"இனிக்குது." றோஸ்மேரி கண்ணைத் துடைத்தாள். "நாசமாப் போன தண்ணி, என்ர துரவைவிட இனிக்குது."

அந்த வருடம் எல்லாரும் அதை அன்ரோனெற் துரவு என்றார்கள். றோஸ்மேரி மட்டும், நான் முதல் குடித்த துரவு என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.