கசவுச் சேலையில் விழுந்த வரைபடம்

எங்கள் வீட்டில் தலையணை உறைகூட வெள்ளையில் கிடையாது. அப்பா இறந்த பதினாறாம் நாள் உறவுக்காரர்கள் கொண்டுவந்த வெள்ளைச் சேலையை அம்மா தொடவே மறுத்துவிட்டாள். பச்சைச் சேலை உடுத்திக்கொண்டு பந்தி பரிமாறினாள். அந்த வீம்பு எனக்குப் பிடிக்கும். அது என் பக்கம் திரும்பியபோதுதான் பிடிக்கவில்லை.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து நாங்கள் இருவரும் திருவனந்தபுரத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மருத்துவமனைகளில் டோக்கன் போடும் மென்பொருள் செய்கிற கம்பெனியில் எனக்கு ஒப்பந்த வேலை. அது முடியப்போகிற நேரம். என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதை ஒரு பிரசன்டேஷனை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அது வந்து விழுந்த நாளோ கேரளப்பிறவி, கேரள மாநிலம் பிறந்த நாள். அன்று ஆபீஸே தங்கக்கரை போட்ட வெளிர்ச்சேலையில், கசவில், வந்து நிற்கும்.

என்னிடம் இருந்த நல்ல சேலை ஓர் அரக்கு நிறப் பட்டு. அத்தனை வெள்ளைக்கு நடுவில் அதைக் கட்டிக்கொண்டு போனால், தமிழர்களை இளக்காரமாகச் சொல்கிற ‘பாண்டி’ என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மனசுக்குள் சொல்வார்கள் என்று எனக்குப் பயம். பழவங்காடியில் ஒரு கசவுச் சேலை வாங்கினேன்.

“நல்ல காரியத்துக்குப் போவும்போ வெள்ளையா?” என்றாள் அம்மா.

“அங்க எல்லாரும் இததான் உடுத்திட்டு வருவாவ. கல்யாணத்துக்கே உடுப்பாவ.”

“அவிய உடுக்கட்டு. நீ என் பிள்ள.”

கேரளப்பிறவி அன்று காலையில், அம்மா இஸ்திரி போட்டுவைத்த அரக்குப் பட்டு கட்டிலில் இருந்தது. நான் கசவைக் கட்டினேன். ஊக்கை நானே குத்திக்கொண்டேன். குத்திவிட அம்மா வரவில்லை. வாசல்வரை வந்தாள், போயிட்டு வா என்று சொல்லவில்லை. பஸ்ஸில் வழி முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஏதாவது ஆனால் சேலையைத்தான் குறை சொல்வாள். நானே சொல்லிவிடுவேனோ என்றும் இருந்தது.

ஆபீஸில் விளக்கை அணைத்தார்கள். புரொஜெக்டர் வெளிச்சத்தில் கால் வைத்ததும் திரைக்குப் போகவேண்டிய என் வரைபடம் என் மேலேயே விழுந்தது. எண்கள் முந்தானையில் நெளிந்தன. யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

“ஒந்நு மாறி நிக்காமோ? நம்பர் காணான் பற்றுந்நில்ல,” என்றார் மேலாளர். கொஞ்சம் தள்ளி நிற்கணுமாம், எண்கள் தெரியவில்லையாம். சுவரோரம் ஒதுங்கினேன். ஒரே இருட்டு. அங்கிருந்து பேசிய குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மேலாளர் மொபைலைப் பார்க்க ஆரம்பித்தார். கூட்டத்தோடு கூட்டமாக இருக்கத்தானே இந்தச் சேலை? இப்போது ஒருவர் கண்ணிலும் படவில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அப்புறம் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

நேராக வெளிச்சத்துக்குள் போய் நின்றேன். வரைபடத்தின் சிவப்புப் பட்டை என் மேல் குறுக்கே விழுந்தது. முந்தானையை விரித்துப் பிடித்தேன்.

“இந்தச் சிவப்பு முழுக்க நோயாளிங்க டோக்கனுக்காக வெயில்ல நிக்கிற நேரம் ஸார். இத என்னால குறைக்க முடியும்” என்று தமிழும் மலையாளமுமாகச் சொன்னேன்.

சிரித்தார்கள். பிறகு காது கொடுத்தார்கள். மேலாளர் மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேள்வி கேட்டார். ஒன்றுக்கும் நான் திணறவில்லை. சாயங்காலம் அறைக்குக் கூப்பிட்டு, வேலை நிரந்தரம் என்றார்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்குமுன் சேலையைப் பார்த்தாள்.

“வேல நிரந்தரமாயிட்டும்மா.”

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

“சந்தோசம். மொதல்ல அதக் களத்து.”

அரக்குப் பட்டு வைத்தது வைத்தபடி கட்டிலில் இருந்தது. கட்டிக்கொண்டேன். இந்த முறை ஊக்கு அம்மாதான் குத்திவிட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

“இனி சொல்லு. அங்க என்ன பேசுன?”

முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.