தோசைக்கல்லும் பேஸ் பெட்டியும்

ராஜபாளையத்தில் மைக்செட் காதர் என்றால் சத்தத்துக்குப் பேர்போனவர். ஆனால் புது ஸ்பீக்கர் விஷயத்தில் அவரைப் போலப் பயந்தாங்கொள்ளி கிடையாது. முதல் சில நாள் அதில் பாட்டு முணுமுணுப்பாகத்தான் ஓட வேண்டும்.

"புது தோசைக்கல்லைப் பழக்காம மாவை ஊத்துனா என்ன ஆகும்? இதுவும் அப்படித்தான். உள்ள இருக்கிற காகிதக் கூம்பு இளகணும். எடுத்ததும் அலற விட்டா கிழிஞ்சிரும்" என்பார்.

தொண்ணூற்று மூன்றில் தங்கை நூர்பானுவின் கல்யாணத்துக்கென்றே மதுரையிலிருந்து அடிக்குரலை அதிர வைக்கும் இரண்டு பெரிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள் வாங்கி வந்தார். வந்ததும் போர்வையால் மூடி, "ஒருத்தரும் தொடக் கூடாது, நானே பழக்குவேன்" என்று சொல்லிவிட்டார். ஊரெங்கும் விசேஷம் நடக்கிற மாதம் அது. இன்றைக்குத் தேவதானம், நாளைக்குக் கான்சாபுரம் என்று அலைந்ததில் அந்தப் போர்வையை எடுக்கவே அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

கல்யாண நாளும் வந்துவிட்டது. பழைய குழாய் ஸ்பீக்கர்களெல்லாம் முன்பே ஒப்புக்கொண்டபடி சேத்தூர் கோயில் கொடைக்குப் போய்விட்டன. வீட்டில் இருந்தவை புதுப் பெட்டிகள் மட்டும். காதர் ஆம்ப்ளிஃபயர் திருகை நெல்முனை அளவு திருப்பிவிட்டுப் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தார். பாட்டு வாசலைத் தாண்டவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. மாப்பிள்ளையின் மாமா பக்கீர் முகமது இறங்கும்போதே ஆரம்பித்தார்.

"என்ன காதரு, மைக்செட்காரர் வீடுதானே, சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிரலாம்னு வந்தோம். தெருத் தெருவாச் சுத்திட்டு வாறோம்!"

வேனே சிரித்தது. காதர் முகம் சுண்டிப்போனது. ஊரார் வீட்டு விசேஷத்தையெல்லாம் அதிர வைத்தவர், சொந்தத் தங்கையை இப்படி ஊமையாகவா அனுப்புவது? கை திருகுக்குப் போனது. கிழிந்த ஸ்பீக்கரின் கரகரப்பை நினைத்ததும் திரும்பி வந்தது.

உள்ளறையிலிருந்து நூர்பானு குரல் கொடுத்தாள். "அண்ணே, கூட்டி வையி."

"ஏட்டி, பழக்காத பெட்டி! கிழிஞ்சா மானம் போயிரும்."

"அதெல்லாம் பழகியாச்சு. நீ வேலைக்குப் போனதும் தினம் போட்டு விட்டேன். மொதல்ல மெதுவா, பொறவு கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி. நீ வார நேரத்துக்குப் போர்வையைப் போட்டு மூடிருவேன்."

பந்திக்கு இலை துடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் விருட்டென்று நிமிர்ந்தாள்.

"அடிப்பாவி, நீதானா? சுவத்துக்குள்ள என்னமோ உறுமுதுன்னு பாஸ்டரைக் கூட்டிட்டு வந்துல்லா ஜெபம் பண்ணுனேன்!"

"தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்றார் காதர்.

"சொன்ன. கல்யாணம் எனக்குல்லா?"

காதர் கண்ணை மூடிக்கொண்டு திருகைத் திருப்பினார். கரகரப்பு இல்லை. அடிவயிற்றிலிருந்து எழுவது போலச் சத்தம் கிளம்பியது. பந்தி மேசையில் டம்ளர்கள் நடுங்கின.

பக்கீர் முகமது ஏதோ சொன்னார். வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது.

காதர் இன்னும் கொஞ்சம் திருப்பினார்.