அண்ணா திருப்பி வைத்த ஐந்து தகடுகள்

பச்சைப் பெயிண்டை நகத்தால் சுரண்டியதும் உள்ளே பித்தளை மின்னியது. "அண்ணா, இதைப் பழையபடியே கொண்டாந்துடலாமுங்க!" என்று கத்தினேன்.

மேட்டூர் அணையில் மீன்பிடிக்கும் எங்கள் தாய்மாமா, தம் பழைய மோட்டார் படகை வயரிங் பார்ப்பதற்காகச் சங்ககிரியில் அண்ணாவின் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார். ஓட்டுபவர் முன்னால் ஒரு தேக்குப் பலகை. அதில் ஆறு சுவிட்சுகள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பச்சைப் பெயிண்ட் அப்பிய ஒரு பித்தளைத் தகடு, அதன் மேல்விளிம்பில் ON என்று பொறித்த எழுத்து.

"மாப்ள, பிளாஸ்டிக்ல ஆறு சுச்சு மாட்டிக் குடுத்தாப் போதும்" என்றார் மாமா.

"அம்மிணி சொல்லிப்போட்டா அப்பறம் அப்பீல் ஏதுங்க மாமா?" என்று அண்ணா என்னைக் காட்டிச் சிரித்தார்.

மல்லசமுத்திரத்தில் பிறந்த அண்ணா, எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா தவறியதும் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு, லாரிக்கு அடியில் படுத்து வயர் இழுக்கப் போனவர். நான் சேலத்தில் பௌதிகம் படிப்பது அந்த உழைப்பில்தான். மீட்டரை வைத்துக்கொண்டு நான் தேடும் பழுதை, வயரைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை.

நான் கல்லூரிக்குப் போயிருந்த வாரத்தில், பெயிண்டை நீக்கி, தகடுகளைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து, பலகையில் மறுபடி பொருத்திவிட்டார். சனிக்கிழமை வந்து பார்த்தேன். தங்கமாக ஜொலித்தன. ஆனால் ஆறும் தலைகீழ். ஆறிலும் NO!

"என்னங்கண்ணா, படகே வேண்டாம் வேண்டாங்குது!" என்று பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.

"ஊட்டுல சுச்சைக் கீழ தட்டுனாத்தானே லைட் எரியுது? தகட்டை எவனோ மாத்தி மாட்டிப்போட்டான்னு நெனச்சு எழுத்தைக் கீழ வெச்சேன் அம்மிணி" என்றார் மெதுவாக. மேலே தள்ளினால் எரியும் சுவிட்சு அவர் பார்த்ததில்லை. "எனக்கு இங்கிலீசு எழுத்தெல்லாம் எங்க நெனப்பிருக்குது?" என்று சொல்லிவிட்டு, ஸ்குரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பித்தார். என் சிரிப்பு நின்றது. மன்னிப்புக் கேட்காமலேயே விடுதிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த மாதமே காமாலை முற்றி, சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கட்டிலருகே நின்று அழுதேன். "அன்னிக்குச் சிரிச்சிருக்கக் கூடாதுங்கண்ணா."

"அட, நோன்னு போர்டு வெச்ச படகுல எவன் ஏறுவான்? எனக்கே சிரிப்புத்தான்" என்றார். சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, "அஞ்சைத் திருப்பிப்போட்டேன். ஒண்ணு பாக்கி. திருகாணித் தலை தேஞ்சு போச்சு. நீ அவசரக்காரி, தகட்டைக் கீறிப்போடாத" என்றார். அதன்பின் மூன்று நாள்தான் இருந்தார்.

இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவர், செவிலியர்களுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த பட்டறை நண்பர்களுக்கும், ஓராண்டாகப் படகைக் கேட்காமல் பொறுத்திருக்கும் மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

"அந்த ஒண்ணை அவன் நெனப்பா அப்படியே உட்ரு அம்மிணி" என்கிறார் மாமா. அண்ணா பாக்கி என்று சொன்ன வேலையை அப்படி விட எனக்கு மனமில்லை. திருகாணியைச் சுற்றி மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறேன். முதலாண்டுத் திதி முடிந்த மறுநாள் காலை, கீறல் படாமல், அவசரப்படாமல், திருகிப் பார்க்கப் போகிறேன்.